இறுகக் கட்டிய சப்போட்டா

ஞாயிறு காலை ஏழே காலுக்கு அவர் பின்கதவைத் திறந்தார். சப்போட்டா மடங்கிக் கிடந்தது.

இரவு காற்று அடித்தது அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் எதுவும் ஆடவில்லை. ஜன்னல் கொக்கிகள், கதவுத் தாழ்கள், மொட்டை மாடித் தொட்டியின் மூடி எல்லாமே அவர் எப்போதோ முடுக்கி வைத்தவை. காற்று வேறு ஏதோ தெருவில் அடிப்பதுபோல அடித்து ஓய்ந்தது. அவர் புரண்டு படுத்தார்.

மரம் என்று சொல்ல முடியாது. நெஞ்சு உயரம்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த இடத்தில் மடங்கியிருந்தது. முழுக்க ஒடியவில்லை. ஒரு பக்கம் பிளந்து, மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டு இம்மியும் நகரவில்லை. மேல்பகுதி சுவரில் தலை சாய்த்திருந்தது. இலைகளில் பச்சை குறையவில்லை. கிளை நுனிகளில் பூமொட்டுகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

மனைவியிடம் என்ன சொல்வது என்று அவர் யோசித்தார்.

அவள் மகளின் பிரசவத்துக்குப் போனவள். மூன்று மாதம் என்று பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பேசுகிறது. அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் யாராவது இடையில் வந்து சமாதானம் பேசியிருப்பார்கள்.

அவர் இரண்டு முறை போய்வந்தார். இரண்டு அறை வீடு. கூடத்து சோபாவில் படுத்தார். இரவில் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் காலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். மூன்றாம் நாளுக்குள் அந்த வீட்டின் சுவிட்சுகள், குழாய்கள், நாற்காலிக் கால்கள் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டார். நான்காம் நாள் செய்ய ஒன்றும் இல்லை. கிளம்பிவிட்டார்.

கன்றை நட்டது அவள். ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரம், பின்கட்டில் சிமெண்ட் பூசாமல் விட்டிருந்த சதுரத்தில் நட்டாள். துணி துவைக்கிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்றாள். வண்டியில் ஏறும்போது, "பாத்துக்குங்க" என்றாள். எதை என்று சொல்லவில்லை. அவர் கன்றை என்று எடுத்துக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். முகம் தெரிகிற போன்தான். ஆனால் அவள் அதைச் சமையல் மேடையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். அவருக்கு உத்தரமும் மின்விசிறியும் தெரியும். இடையிடையே ஒரு முழங்கை வரும். குழந்தை எட்டிப் பார்த்து அவரைப் "போன் தாத்தா" என்று கூப்பிடும். அதற்கு இன்னொரு தாத்தா இருந்தார். அந்தத் தாத்தா நேரில் வருகிறவர். அடையாளத்துக்காகக் குழந்தையே வைத்த பெயர்.

பேச்சு எப்போதும் ஒரே வரிசையில் போகும். சாப்பாடு, மாத்திரை, கன்று. கடைசியில், "அங்க எல்லாம் சரியா இருக்கா?" என்பாள். அவள் முடிப்பதற்குள், "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிடுவார். அதில் பொய் கிடையாது. இந்த வீட்டில் குழாய் சொட்டாது, கதவு கிரீச்சிடாது, கட்டில் ஆடாது. அடுத்த வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஆள் இருக்கிறாரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. வா என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே குழந்தை இருந்தது. இங்கே கூப்பிடுவதற்கு ஒரு பழுதும் இல்லை.

இருபது நாளைக்கு முன்புதான் மொட்டுகளைப் பார்த்தார். இலைக்காம்புகளின் இடையில் பழுப்பாக, மிளகைவிடப் பெரிதாக. முதலில் பூச்சி முட்டை என்று நினைத்துத் துடைக்கப் போனார். அன்று சாயங்காலம் போனைத் திருப்பிக் காட்டினார். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

"இவ்ளோவா! கன்னு விக்கறப்போ நாலு வருசம் ஆகும்னு சொன்னாளே அந்தம்மா."

"முன்னாடியே வந்திருச்சு."

"நான் வந்து பாக்கணுமே."

சொன்னதோடு நிற்கவில்லை. மகளிடம் பேசினாள். சம்பந்தியம்மாவிடம் பேசினாள். ஒரு மாதம் குழந்தையைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. அடுத்த மாதக் கடைசியில் வருகிறாள். அவர் அன்றைக்கே கட்டிலின் மறுபாதியில் அடுக்கியிருந்த சலவைத் துணிகளை எடுத்து பீரோவில் வைத்தார்.

இப்போது அந்தச் சப்போட்டா மடங்கிக் கிடந்தது.

போன வருடம் ஒரு காற்றில் கன்று சாய்ந்தபோது அவர்தான் பக்கத்தில் குழாயை அடித்து இறக்கிக் கட்டினார். கயிறு தளரும் என்று கயிறு போடவில்லை. மேலே உறை போட்ட செம்புக் கம்பி. இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, முனையை வெட்டி மடக்கி, அதன்மேல் கருப்பு டேப் சுற்றினார். எர்த் கம்பியைக் கம்பத்தில் இறுக்குகிற கட்டு. ஒருமுறை போட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் எலக்ட்ரீஷியன். பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. அங்கே அவருக்கு டைட் என்று பெயர். யார் மாட்டிய சுவிட்சாக இருந்தாலும் போகிற போக்கில் இன்னொரு திருகு திருகிவிட்டுப் போவார். தீப்பிடித்த கட்டடம் எது என்று சொன்னாலும், எங்கோ ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கும் என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரைக் கேட்டுக் குடிகாரர் என்று நினைத்து இரண்டு நாள் ஒதுங்கி நிற்பார்கள். பிளம்பர்தான் தெளிவுபடுத்துவார்: "அவரு தண்ணிப் பக்கமே போகமாட்டாரு. தண்ணி என் டிபார்ட்மெண்டு."

டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்தார். கம்பி தெரியவில்லை. பட்டை அதை விழுங்கியிருந்தது. கட்டுக்கு மேலே தண்டு வீங்கிப்போய், கீழே மெலிந்து இருந்தது. மோதிரம் கழற்ற முடியாமல் போன விரல்போல.

போனில் படம் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

நர்சரிக்காரம்மா கருப்புப் பைகளுக்கு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீங்க என்ன வேலைண்ணா?"

"எலக்ட்ரீஷியன்."

"அதான பாத்தேன். கரண்ட் கம்பத்துக்குப் போடற கட்டு. கம்பம் வளராது. இது வளருமே."

அவர், மரம் நன்றாகத்தான் இருந்தது என்றார். இருபது நாளாக மொட்டு விட்டிருக்கிறது, சொன்ன வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று அடுத்த படத்தைக் காட்டினார். அவள் முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டது.

"இந்த வயசுக்கு இத்தன பூவா? இது நல்லாருந்து பூத்த பூ இல்லண்ணா. மூச்சு முட்டிப் பூத்தது."

விளக்கினாள். வேர் தண்ணீரை மேலே அனுப்பும், அது கட்டைக்குள் போகிற வழி. இலை சமைத்த சாப்பாடு கீழே வேருக்கு இறங்கும், அது பட்டைக்குள் வருகிற வழி. கம்பி பட்டையைத்தான் அறுத்திருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. மேலே தேங்கிப்போய்ப் பூவாக வெடித்திருக்கிறது. கீழே வேர் பட்டினி. தனக்கு நேரமில்லை என்று தெரிந்துவிட்டால் எந்த மரமும் இப்படித்தான் அவசர அவசரமாகப் பூக்கும் என்றாள்.

அவருக்கு உடனே புரிந்தது. போகிற கம்பி சரி. திரும்புகிற கம்பி அறுந்திருக்கிறது. பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும். அவருடைய தொழிலில் அதுதான் மோசமான பழுது.

பிழைக்க வைக்க வழி உண்டா என்று கேட்டார். உண்டு. கம்பிக்குக் கீழே, ஒட்டுக்கு மேலே வெட்டவேண்டும். ஒட்டுப் போட்ட முடிச்சு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும், அதற்கு மேலே எவ்வளவு முடியுமோ அவ்வளவு விட்டு வெட்டவேண்டும். அந்தத் துண்டிலிருந்து துளிர் வந்தால் சப்போட்டா. ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்தால் அது வேறு ஜாதி, காட்டு மரம். பார்த்தவுடன் கிள்ளிவிடவேண்டும். துளிர் ஒரு முழம் வந்ததும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குச்சி நட்டு, பழைய பனியனைக் கிழித்துக் கட்டவேண்டும்.

"ரெண்டு விரல் உள்ள போகணும். காத்துல ஆடணும். ஆடுனாத்தான் தண்டு தடிக்கும். புடிச்சு வெச்சதெல்லாம் நோஞ்சான்தான்."

"அடுத்த மாசக் கடைசியில வெட்டினா ஆகாதா?"

"அதுவரைக்கும் எதுக்கு?"

"பூ இருக்கே."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். யாருக்காவது காட்டவேண்டுமா என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். அடுத்த மாதக் கடைசியில் வெட்டுகிற வேலையே இருக்காது, வேர் செத்திருக்கும், பிடுங்கிப்போடலாம் என்று சொல்லிவிட்டு ஹோஸை எடுத்தாள்.

அவர் வெட்டவில்லை.

ஒயர் போடுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உள்ளே பஞ்சு வைத்து, மரத்தை நிமிர்த்தி, பிளவுக்கு இரண்டு பக்கமும் கொடுத்து, மேலே டேப் சுற்றினார். பழுதை மறைத்து டேப் சுற்றுகிறவர்களை அவர் வேலையிடத்தில் மனிதனாகவே மதிப்பதில்லை. சுற்றி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். கதவருகிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மரம் நின்றது. பூவும் நின்றது.

அன்றைக்கே படங்கள் எடுத்தார். வெயிலில் எடுத்தார், நிழல் வந்தபின் எடுத்தார். கிளையைக் கையால் தூக்கிப் பிடித்து, மொட்டு பெரிதாகத் தெரியும்படி எடுத்தார். குந்தி உட்கார்ந்து வானம் தெரியும்படி எடுத்தார். மின்வெட்டு வரும் என்று மெழுகுவர்த்தி வாங்கி வைப்பதுபோல எடுத்து வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் போன் வந்தது. காமிராவைத் திருப்பச் சொன்னாள். வெளிச்சம் போய்விட்டது, படம் அனுப்புகிறேன் என்றார். ஒன்றை அனுப்பினார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அவள் அதை மகளுக்குக் காட்டினாள், சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினாள். சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கைராசி என்று சொன்னாளாம்.

மூன்றாம் நாள் இலைகளின் பளபளப்பு குறைந்தது. ஐந்தாம் நாள் சிமெண்ட் தரையில் மொட்டுகள் கிடந்தன. வேலைக்குக் கிளம்பும்போது பெருக்கித் தள்ளினார். திரும்பி வந்தபோது அதைவிட அதிகம் கிடந்தன. விளக்குமாறை எடுக்கப் போனவர் எடுக்காமல் படியில் உட்கார்ந்தார். உதிர்கிறவற்றை அவள் வருகிற வரைக்கும் பெருக்கிக்கொண்டே இருக்கலாம். அவள் வந்து பார்க்கும்போது டேப் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

அன்றிரவு ஹேக்சா பிளேடைப் புதிதாக மாற்றினார். சனிக்கிழமை விடிந்ததும் இரும்புக் குழாயை மேலே உருவி எடுத்துவிட்டு வெட்டினார்.

கீழ்ப்பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துக்கொண்டார், விழும்போது பட்டை உரியாமல் இருக்க. பிறகு மேலேயிருந்து, மழைத்தண்ணீர் தேங்காதபடிச் சாய்வாக. ஒரு கை அறுத்தது, ஒரு கை மரத்தைப் பிடித்திருந்தது. கனம் கைக்கு வந்த நொடி அவருக்குத் தெரிந்தது. குழந்தை தூங்கிவிட்டால் தோளில் கனம் மாறுமே, அதுபோல. வெட்டிய இடத்தில் பால் வந்தது. ஈரத்துணியால் ஒற்றினார். ஒற்ற ஒற்ற வந்தது. நின்றபிறகு, வெட்டு அழுகாமல் இருக்க நர்சரியில் வாங்கிய நீல மயில்துத்தக் குழம்பைப் பூசினார். நீலத் தொப்பி போட்ட ஒரு குச்சி. அவ்வளவுதான் மிச்சம். ஒட்டு முடிச்சுக்கு மேலே நாலு விரற்கடை.

வெட்டிய மேல்பகுதியை எறிய மனம் வரவில்லை. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் குளியலறையில் நிறுத்தினார். அவர் குளிக்கும்போது மூன்று நாள் பக்கத்தில் நின்றது. இரண்டாம் நாள் மொட்டுகள் சில விரிந்தன. வெளிறிய சின்னப் பூக்கள். பெரிதாக வாசனையும் இல்லை. இதைப் பார்க்கத்தான் அவள் வருவதாக இருந்தாள்.

வெட்டுத்துண்டிலிருந்து கம்பியைத் தோண்டி எடுத்தார். உறை நைந்திருந்தது. உள்ளே செம்பு புதிதாக மின்னியது. முறுக்கு ஒரு சுற்றுகூடத் தளரவில்லை. நல்ல கட்டு.

வேலையிடத்தில் பிளம்பர் கவனித்துவிட்டார். மதியம் கேண்டீன் மேசையில் எதிரே உட்கார்ந்து, "என்ன டைட்டண்ணே, ஒரு வாரமா லூசா இருக்கீங்க" என்றார். அவர் மரம் ஒடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். பிளம்பர் இதற்கா என்றார். வேறு கன்று நட்டால் ஆயிற்று, தன் மாமனார் வீட்டில் எட்டு மரம் இருக்கிறது, பழம் வேண்டுமென்றால் சாக்கில் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர் தலையாட்டினார். டிபன் டப்பாவை மூடி, வழக்கம்போல் அதற்கு ஒரு திருகு கொடுத்தார்.

"வீட்ல எப்பண்ணே வராங்க?"

"வருவாங்க."

"ரெண்டு வருசமா இதையேதான் சொல்றீங்க. என் வீட்டுக்காரி ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போனா நாலு தடவ போன் பண்றேன். அவ வரணும்னு இல்ல, கேஸ் சிலிண்டர் சாவி எங்கன்னு தெரியாம."

அவர் வீட்டில் எல்லாம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் துளிர் வந்தது. மண்ணுக்குச் சற்று மேலே, பச்சையாக, தடியாக, இரண்டு நாளில் விரல் நீளம். அவர் அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். படம் எடுத்து நர்சரிக்காரம்மாவுக்கு அனுப்பினார். அவள் குரல் பதிவு அனுப்பினாள்: "ஒட்டுக்குக் கீழண்ணா அது. காட்டுப்பய. கிள்ளிப்போடுங்க, மேல இருக்கறவனுக்கு வர வேண்டியதத் தின்னுருவான்."

கிள்ளினார். உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். பால் விரலில் ஒட்டியது. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொன்று வந்தது. அதையும் கிள்ளினார். மேலே நாலு விரற்கடையில் எதுவும் நடக்கவில்லை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெறும் கட்டைக்கு முன்னால் ஒரு மனிதன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதை மாடியிலிருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாள் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தார். மாடிகளில் யாரும் இல்லை.

அவளுக்குப் படங்கள் போய்க்கொண்டிருந்தன. இன்னும் மூன்று மிச்சம் இருந்தன.

ஒரு புதன்கிழமை, நீலப் பூச்சுக்குக் கீழே பட்டை இரண்டு இடத்தில் புடைத்திருந்தது. ஞாயிறுக்குள் வெடித்து, செம்பழுப்பாக இரண்டு முனை. பதினைந்து நாளில் இரண்டும் சாண் உயரம். ஒன்று சுவரைப் பார்த்து, ஒன்று வெளிச்சத்தைப் பார்த்து. சுவரைப் பார்த்ததைத் தேய்த்து எடுத்தார்.

ஒரு முழம் ஆகும்வரை காத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. குச்சி நட்டார், தண்டிலிருந்து கை நீளம் தள்ளி. பழைய பனியனைப் பட்டையாகக் கிழித்தார். குச்சியைச் சுற்றி, நடுவில் ஒரு முறை குறுக்காகப் போட்டு, துளிரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. அவிழ்த்தார். மறுபடி கட்டினார். போகவில்லை. கைக்கு ஒரே இழுப்புத்தான் தெரிந்திருந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம், முடிச்சு விழும் நேரத்தில் தானாக ஒரு சுண்டு சுண்டியது. மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை இடது கையால் கட்டினார். கோணல்மாணலாக வந்தது. இரண்டு விரல் போனது.

சாயங்காலம் காற்று வந்தது. துளிர் அந்தத் துணி வளையத்துக்குள் இங்கும் அங்குமாக ஆடியது. எழுந்து போய்ப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் போன் வந்தது. அவள் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது.

உத்தரம், மின்விசிறி. காய் நறுக்குகிற சத்தம். சாப்பாடு கேட்டாள், மாத்திரை கேட்டாள். கன்றைக் கேட்கவில்லை. கத்தி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்த நீலச் சட்ட."

"எந்த நீலச் சட்ட?"

"கொடியில தொங்குதே. நீங்க அனுப்பின போட்டோ அத்தனையிலயும் தொங்குது. ஒரு சட்ட காய எத்தன நாள் ஆகும்?"

அவர் கொடியைப் பார்த்தார். கொடி காலியாக இருந்தது. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். திரையில் அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

"மரம் ஒடிஞ்சிருச்சு" என்றார். "வெட்டிட்டேன்."

கத்திச் சத்தம் நின்றது. எப்போது என்று கேட்டாள். சொன்னார். அப்படியென்றால் பூவெல்லாம் என்றாள். அவர் கம்பியைப் பற்றிச் சொன்னார். பட்டைக்குள் இறங்கவேண்டியது இறங்காமல் மேலேயே தேங்கிப் பூவானதைச் சொன்னார். டேப் சுற்றியதைச் சொன்னார். ஒரே நாளில் எல்லாப் படத்தையும் எடுத்ததைச் சொன்னார். அவருக்கு இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிப் பழக்கமில்லை. கடைசியில் துளிர் வந்திருப்பதையும் சொன்னார்.

அவளிடமிருந்து சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"இறுக்கிட்டீங்க. நீங்க எதத்தான் கொஞ்சம் விட்டு வெச்சீங்க? அங்க இருந்தவரைக்கும் ஒரு டப்பா மூடிய நானாத் தெறந்திருப்பேனா? சக்கர டப்பாவுக்குக்கூட உங்களத்தான் கூப்பிடணும். இங்க வந்துதான் தெறந்து பழகினேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பழைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவருக்குச் சர்க்கரை டப்பா நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள், "இத கொஞ்சம்" என்று நீட்டுவாள். அவர் திறந்து கொடுப்பார். இந்த வீட்டில் அவளும் அவரும் தினமும் தவறாமல் பேசிக்கொண்டது அதைத்தான்.

கத்தி மறுபடி நறுக்கத் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. அவள் ஊர்ப் பேச்சுக்கு மாறினாள். சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி அதிகமாகியிருக்கிறது. குழந்தை இப்போதெல்லாம் ஓடுகிறது, சம்பந்தியம்மாவால் பின்னால் ஓட முடியாது. மகளுக்கு அலுவலகத்தில் ஏதோ பயிற்சி.

"துளிர் நல்லா வரட்டுமே. பெரிய லீவுக்கு எல்லாருமா வந்து பாக்கறோம். இப்ப வந்தா குச்சியத்தான பாக்கணும்."

சரி என்று சொல்லவேண்டிய இடம். அவர் காமிராவைத் துளிர் பக்கம் திருப்பினார். நீலப் பூச்சு காய்ந்து வெளுத்த கட்டை, கோணல் முடிச்சு, பனியன் துணி, அதற்குள் ஒரு சாண் துளிர். குழந்தை எங்கிருந்தோ ஓடிவந்து எட்டிப் பார்த்தது.

"போன் தாத்தா, அது ஆடுது."

"ஆடட்டும்" என்றார்.

"விழுந்துரும்."

"விழாது."

குழந்தை போய்விட்டது. உத்தரம் சாய்ந்தது, மின்விசிறி நழுவியது. அவள் போனைக் கையில் எடுத்திருந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது. காதோரம் நரை அவர் பார்த்ததைவிட மேலே ஏறியிருந்தது. அவள் திரையில் துளிரைத் தேடுகிறாளா தன்னைத் தேடுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. காமிராவைத் தன் பக்கம் திருப்பினார்.

"அங்க எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

காற்று நின்றிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். சரியா இருக்கு என்று சொல்ல வந்தவர் சொல்லாமல் விட்டார்.

"ஏங்க, உங்களத்தான். எல்லாம் சரியா இருக்கா?"